மாமாவின் தூண்டிலும் ஐப்பசி மழையும்

பெண்கள் பத்திரிகையில் இவள் தூண்டிலைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சகோதரிகள் சிரிக்கக் கூடாது. ஆண்கள் மீனைப் பிடிப்பதோடு சரி. அதை ஆய்ந்து, கழுவி, குழம்பு வைத்து, குழந்தைக்கு முள் எடுத்து ஊட்டுவது யார்? நாம்தானே! ஆகவே ஏரி மீனைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சேக்காடு. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில், ரயில் சத்தம் காதில் விழுந்து கொண்டே இருக்கும் ஊர். 2001-ல் நான் மருமகளாக வந்தபோது எங்கள் தெருவில் பாதி மனைகள் காலியாக இருந்தன. இப்போது ஒரு மனை கூட மிச்சமில்லை. ஏரி மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

என் மாமனார் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து 2008-ல் ஓய்வு பெற்றவர். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தூண்டில் போடுவார். 2017-ல் அத்தை தவறிப் போனார்கள். அதன் பிறகு மனிதர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாப்பிட்டாயிற்றா என்றால் ஆயிற்று என்பார். தட்டில் சோறு அப்படியே இருக்கும். டாக்டரிடம் அழைத்துப் போனோம். "உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்கு ஏதாவது வேலை கொடுங்கள்" என்றார்.

வேலை கொடுத்தவன் என் மகன். பரண் மேல் கிடந்த மூங்கில் தூண்டிலை எடுத்து வந்து, "தாத்தா, இதுல முள் எப்படிக் கட்டணும்?" என்று கேட்டான். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே இருவரும் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது எனக்குத் தலைவலி! கொல்லையில் வாழைமரத்தடி முழுக்கக் குழி. ஒருநாள் ஃபிரிட்ஜைத் திறந்து ஊறுகாய் டப்பா என்று நினைத்து ஒரு டப்பாவை எடுத்தால், உள்ளே ஈர மண்ணோடு மண்புழு நெளிகிறது! "வெயில்ல செத்துடும்மா, அதான் உள்ள வெச்சேன்" என்றார் மாமா, ஒன்றும் நடக்காதது போல. அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு புழுவுக்கென்று ஒரு மண்சட்டி, ஈரக் கோணி, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒரு நிழல் என்று சமாதானம் ஆயிற்று.

மெல்ல மெல்ல, வீட்டில் இருந்தபடியே எனக்கும் ஏரி பழகிவிட்டது. மாமா தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி வைப்பார். தண்ணீர் என்ன நிறம், காற்று எந்தப் பக்கம், தக்கையை நரம்பில் எத்தனை முழத்தில் கட்டினார், என்ன மீன் விழுந்தது, எல்லாம் இருக்கும். மாதத்துக்கு மாதம் கணக்கு மாறும்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றிக் குட்டையாகிவிடும். மீன் எல்லாம் ஆழமான பள்ளத்தில் ஒதுங்கும். வெயில் ஏறினால் தூண்டில் போடுவது வீண். விடியலிலோ பொழுது சாயும் நேரத்திலோதான் கடிக்கும். ஆடி, ஆவணியில் சாயங்கால மழை இரண்டு மூன்று பெய்தால் கொஞ்சம் சுறுசுறுப்பு வரும். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. ஆனாலும் மாமா ஏரியைப் பார்க்காமல் இருக்க மாட்டார். "அடுத்த மாசத்துக்கு இடம் பாக்குறேம்மா" என்பார்.

அந்த அடுத்த மாதம்தான் ஐப்பசி. நம் சென்னைப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 140 செ.மீ. மழை என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக் காற்றில் பெய்துவிடுகிறது. ஏரிகள் பிழைப்பதே அந்த மூன்று மாதத்தில்தான். வரத்துக் கால்வாயில் புதுத்தண்ணீர் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் அதை எதிர்த்து ஏறும். மண்ணிலிருந்து அடித்து வரும் புழு பூச்சிக்காகக் கரையோரமே சுற்றும். தக்கையை ஒரு முழத்தில் கட்டினால் போதும். கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் மீனும் கூடவே வழியும். அங்கே தூண்டிலுக்கு வேலையில்லை, வலைக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். மார்கழியில் தண்ணீர் தெளிந்து குளிர்ந்துவிடும். விடியற்காலையில் பனியோடு போய் உட்கார்ந்தால் சளிதான் பிடிக்கும், மீன் பிடிக்காது! வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்குத்தான் ஜிலேபி இரை எடுக்க ஆரம்பிக்கும். தக்கையையும் இரண்டு, மூன்று முழத்துக்கு ஏற்றிக் கட்ட வேண்டும்.

ஜிலேபி என்று நாம் சொல்லும் மீன் நம் ஊர் மீனே இல்லையாம். விலங்கியல் படிக்கும் என் மகள் சொன்னாள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை 1952-ல்தான் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்களாம். இப்போது அது இல்லாத ஏரி இல்லை. அதில் ஒரு அதிசயம், தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து என்றால் குஞ்சுகள் ஓடி வந்து தாயின் வாய்க்குள் புகுந்து கொள்ளும். அத்தனை நாளும் தாய் சரியாக இரை எடுக்காது. "பிள்ளை பெத்தவ பட்டினி கிடக்கிறது மீன்லயும் உண்டா!" என்று நான் அப்போது சிரித்தேன்.

2020-ல் அமெரிக்காவிலிருந்து என் அண்ணன் மகன் போனில் பேசினான். அவனுக்கும் ஏரியில் தூண்டில் போடும் பைத்தியம். அங்கே 'கிராப்பி' என்று ஒரு மீனாம், நம் ஜிலேபி அளவில், பொரித்துச் சாப்பிட ருசியாக இருக்குமாம். கோடையில் அந்த ஊர் ஏரிகளில் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும் இரண்டு அடுக்காக நிற்குமாம். இலை உதிரும் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, அடியில் பிராணவாயு இல்லாமல் கிடந்த தண்ணீர் கலந்து மேலே வருமாம். அந்தச் சில நாட்கள் மீன் கடிக்காது. தெளிந்த பிறகு சின்ன மீன்களைத் துரத்திக் கொண்டு கிராப்பி கரைப்பக்கம் வரும், அப்போதுதான் வேட்டை என்றான். மாமா போனைக் கையில் வைத்துக் கொண்டு சந்தோஷமாகச் சொன்னார்: "அங்க குளிர் வந்து கலக்குது, இங்க மழை வந்து கலக்குது. கலங்கின தண்ணிய நம்பக் கூடாதுப்பா, எந்த ஊரா இருந்தாலும்."

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அடுத்த வருஷம் அதையே அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டி வந்தது.

2021 ஐப்பசி. தீபாவளிக்கு முந்தின வாரம். புரட்டாசி விரதம் முடிந்து நாத்தனார் குழந்தைகளோடு வந்திருந்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது திருவள்ளூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில். மகள் வந்திருக்கிறாளே, ஏரி மீன் குழம்பு போட வேண்டுமே என்று மாமாவுக்கு ஒரே பரபரப்பு. முந்தின இரவுதான் முதல் பெரிய மழை கொட்டியிருந்தது. காலையில் போனவர் அரை மணியில் திரும்பிவிட்டார், இரண்டு பை நிறைய மீனோடு!

"பாத்தியா! ஐப்பசி பொறந்தாப் போதும், ஏரி அள்ளிக் குடுக்கும்" என்று பையை என் முன்னால் வைத்தார்.

நான் அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் மீனைக் கையில் எடுத்ததுமே என்னவோ சரியில்லை என்று பட்டது. நாலு வருஷமாக அவர் பிடித்த மீனை ஆய்கிறவள் நான். மேலுதட்டில் முள் குத்திய காயம் இருக்கும். இதில் இல்லை. அடுத்ததில் இல்லை. ஒன்றில் கூட இல்லை. எல்லா மீனும் வாயை 'ஆ' என்று திறந்து, செவுள் விரிந்து கிடந்தன. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளுத்திருந்தது.

"மாமா, இது தூண்டில்ல விழுந்ததா?"

"மேல மிதந்து வாயப் பொளந்துக்கிட்டு இருந்துச்சும்மா. கூடையால அள்ளினேன். உயிரோடதான் இருந்துச்சு."

ஆவி இன்னும் போகாத சிலவற்றை மகன் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருந்தான். "அம்மா, இங்க வா!" என்று கத்தினான். போய்ப் பார்த்தேன். ஒரு ஜிலேபி பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அதன் வாயிலிருந்து கடுகு போன்ற கண்களோடு குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கொண்டிருந்தன. பத்து, இருபது… எண்ணவில்லை. தாய் அசையவில்லை. குஞ்சுகள் வெளியே வந்து, சுற்றிவிட்டு, மறுபடியும் அந்த வாயையே தேடிப் போயின. நாத்தனாரின் சின்னப் பெண் என் முந்தானையைப் பிடித்துக் கொண்டாள்.

நான் கையைக் கழுவிக் கொண்டு வந்து, "மாமா, இதை நான் சமைக்க மாட்டேன்" என்றேன். இருபது வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் 'மாட்டேன்' அது.

அவர் முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியாத ஏரியா? சின்ன வயசுலேருந்து இந்தத் தண்ணியப் பாக்குறவன் நான். உங்க அத்தை இருந்திருந்தா வாயத் தொறக்காம கொழம்பு வெச்சிருப்பா!"

நாத்தனார் எதிரில் அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. கண்ணில் நீர் முட்டிக் கொண்டு வந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன். "கலங்கின தண்ணிய நம்பக் கூடாதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க. இத்தனை மீன் ஒரே நேரத்துல மூச்சு முட்டினா, தண்ணில என்ன கலந்திருக்கும்? நாலு குழந்தைங்க சாப்பிடணும்."

அவர் பதில் சொல்லவில்லை. சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்கினேன். அவர் சாப்பிடவே வரவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன். ஏரிக்கரையில் நாற்றம் முதலில் வந்தது. வெளிச்சம் வந்ததும் பார்த்தோம், தண்ணீர் ஓரம் முழுவதும் வெள்ளைப் பட்டையாகச் செத்த மீன். கருப்பான தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து நுரைத்துக் கொண்டு உள்ளே வந்தது. மூன்று பையன்கள் பிளாஸ்டிக் பையில் மீன் பொறுக்கிக் கொண்டிருந்தார்கள். மாமா கரையிலிருந்து இறங்கிப் போய், "டேய் கண்ணுங்களா, வேணாம்டா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாதீங்க. அம்மா கிட்ட திட்டு வாங்குவீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நானே வாங்கினேன்" என்றார். அவ்வளவுதான். எங்கள் சண்டை அதோடு தீர்ந்தது.

ஏன் அப்படி ஆகிறது என்று மகள் விளக்கினாள். தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் மீன் சுவாசிக்கிறது. முதல் பெருமழை, பல மாதமாகச் சாக்கடையிலும் தெருவிலும் தேங்கிக் கிடந்த கழிவையெல்லாம் ஒரே இரவில் ஏரிக்குள் தள்ளுகிறது. அது அழுகும்போது நுண்ணுயிர்கள் பிராணவாயுவை இழுத்துக் கொள்கின்றன. வானம் மூடியிருப்பதால் நீரில் உள்ள பாசியும் பகலில் போதுமான பிராணவாயுவைத் தயாரிப்பதில்லை. ஆகாயத்தாமரை மூடிய ஏரியானால் இன்னும் மோசம். விடியற்காலையில் அளவு மிகவும் குறைந்துவிட, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. 'அள்ளிக் கொடுக்கிறது' என்று நாம் நினைப்பது உண்மையில் அது மூச்சுக்குத் தவிப்பது! விரால் போன்றவை வெளிக்காற்றையும் சுவாசிக்கக் கூடியவை. அதனால் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். அதற்காக அந்தத் தண்ணீரின் விரால் நல்லது என்று அர்த்தமில்லை.

"நல்லாக் கொதிக்க வெச்சா சரியாப் போயிடாதா?" என்று கேட்டாள் நாத்தனார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். கொதித்தால் கிருமி சாகும். ஆனால் கழிவோடு வரும் ஈயம் போன்ற உலோகங்களும் ரசாயனங்களும் எவ்வளவு கொதித்தாலும் போகாது. ஈயம் வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கக் கூடியது. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

அன்று இரவு பாத்திரம் தேய்க்கும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. நான் ஊற்றும் இந்தச் சோப்புத் தண்ணீர் எங்கே போகிறது? எங்கள் தெருக் கால்வாய் எங்கே முடிகிறது? யாரையோ திட்டிக் கொண்டிருந்தோமே, அந்தக் கருப்புத் தண்ணீரில் எங்கள் வீட்டுப் பங்கும் இருக்கத்தானே செய்யும்! அந்த மாதமே கழிவுநீர்த் தொட்டியைச் சரி செய்தோம். எண்ணெய், சாப்பாட்டு மிச்சம் எதையும் சாக்கடையில் ஊற்றுவதில்லை என்று வைத்துக் கொண்டேன். என் ஒருத்தியால் ஏரி சுத்தமாகிவிடாது என்று தெரியும். ஆனால் மாமாவிடம் 'மாட்டேன்' என்று சொன்னவள் இதையாவது செய்ய வேண்டாமா?

மாமா தூண்டிலைத் திரும்பவும் பரணில் போட்டுவிட்டார். மறுபடியும் திண்ணை. எனக்குத்தான் குற்ற உணர்ச்சியாகப் போய்விட்டது. மீனை நிறுத்தப் போய் மனிதரை நிறுத்திவிட்டோமோ என்று பயந்தேன். நாத்தனாரிடம் பேசினேன். அவள் ஊரில் சுற்றிலும் வயல்தான், ஏரித் தண்ணீர் தெளிவு. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர். "பெரியவர் ஒரு தூண்டில் போட்டா ஏரி வத்திடுமா, வரச் சொல்லுங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து மழைக்காலத்தில் மாதத்துக்கு இரண்டு நடை. இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று திருவள்ளூர் போய், அங்கிருந்து பஸ். மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கி, பேரன் பேத்திகளோடு கரையில் உட்கார்ந்து வருவார். நாத்தனாருக்கு அப்பாவைப் பார்த்த திருப்தி, எங்களுக்கு நல்ல மீன், அவருக்கு எழுதி வைக்கப் புதுக் கணக்கு.

அவரும் நானும் சேர்ந்து சில விதிகள் வைத்துக் கொண்டோம். உங்களுக்கும் உதவும் என்று சொல்கிறேன்.

முதல் பெருமழைக்குப் பின் தண்ணீர் தெளியும் வரை, சுமார் இரண்டு வாரம், எந்த ஏரி மீனும் வேண்டாம். கழிவுநீர் கலக்கும் ஏரி என்றால் எந்த மாதமும் வேண்டாம். தானாக மிதக்கும் மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கும்போது செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, விரலால் அமுக்கினால் சதை மேலே எழும்புகிறதா என்று பாருங்கள்.

குழந்தைகளைக் கரைக்குத் தனியாக அனுப்பவே கூடாது. மண் எடுத்த பள்ளங்கள் தண்ணீர் நிறைந்ததும் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் அளவு என்று காலை வைத்தால் ஆள் மூழ்கிவிடும். காலில் புண், வெடிப்பு இருந்தால் மழைத்தண்ணீரில் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். மழையில் நனைந்த பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் சதை வலியும் வந்தால், சாதாரண ஜுரம் என்று கஷாயத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள்.

நல்ல தண்ணீர் மீனிலும் சேற்று வாடை கொஞ்சம் இருக்கும். ஜிலேபியின் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருப்புத் தோலைக் கல் உப்பால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். செவுளைச் சுத்தமாக நீக்கி, மஞ்சளும் உப்பும் தடவி, புளித்த மோரில் கால் மணி ஊறவிட்டு அலசுங்கள், வாடை போயே போய்விடும். கைக்குழந்தைக்கு மசித்துக் கொடுப்பதானால் ஆவியில் வேக வைத்து, விரலால் தடவித் தடவி முள் பார்த்த பிறகே கொடுங்கள். அவசரமாக இருக்கும் நாளில் கொடுக்காதீர்கள்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய மழையில் ஜன்னல் ஓரம் நின்று கொண்டு, "இன்னும் பதினஞ்சு நாள்" என்று தனக்குத்தானே சொல்லிக் கொள்வார். அந்தப் பதினைந்து நாளும் எங்கள் ஊர் ஏரியை விடிகாலையில் ஒரு நடை போய்ப் பார்த்து வருகிறார், தூண்டில் இல்லாமல். வந்ததும் காலண்டர் தாளின் பின்னால் எழுதுவார். போன வாரம் எட்டிப் பார்த்தேன். "தண்ணீர் கருப்பு. மீன் மேலே இல்லை. தெளிகிறதா பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

புழுச்சட்டிக்குத் தண்ணீர் தெளிப்பது இப்போது என் வேலை.